பத்திரிகையில் விட்டுப்போன பெயர்

நான் சுற்றிய ஊர்களில் எத்தனையோ கல்யாணங்கள் பார்த்துவிட்டேன். எங்கே யார் மைக் பிடித்தாலும் என் மனசு புளியந்தோப்பு அப்பாவு அண்ணனிடம்தான் போய் நிற்கும்.

அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். விடுமுறை நாட்களில் எங்கள் பக்கத்து பௌத்தக் கல்யாணங்களை நடத்திக்கொடுப்பார். யார் மெழுகுவர்த்தி ஏற்றுவது, யாருக்குப் பின் யார் மேடையேறுவது எல்லாம் அவர் சொல்வதுதான். இரண்டு நாள் முன்பே வீட்டுக்கு வந்து, டீயை ஆற்றிக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லாம கீது?"

எட்டு வருஷம் முன்பு என் அக்கா யசோதராவின் கல்யாணத்துக்கும் கேட்டார். "அதெல்லாம் ஒண்ணியும் இல்ல" என்றாள் அம்மா. பத்திரிகையை வாங்கிப் பார்த்தவர் மேற்கொண்டு கேட்கவில்லை. அதில் தாய்மாமன் பெயரே இல்லை. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தன் தம்பி அன்பரசன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று அம்மாவுக்கு இரண்டு வருஷக் கோபம்.

அக்காவே நேரில் போய் அழைத்ததால் மாமா வந்தார். ஆனால் உள்ளே வரவில்லை. மண்டப வாசலில் பைக்கிலேயே உட்கார்ந்திருந்தார்.

எங்கள் வழக்கத்தில் தாய்மாமன் எடுத்துக் கொடுக்கும் மாலையைத்தான் பெண் மாப்பிள்ளைக்குப் போடுவாள். பஞ்சசீலம் சொல்லி முடித்ததும் அக்கா மெதுவாக, "மாமா வராம நான் மாலையத் தொட மாட்டேண்ணே" என்றாள்.

அப்பாவு அண்ணன் வாசலைப் பார்த்தார். வெறுமனே பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மாமா பைக்கைக் கிளப்பியிருப்பார். பத்திரிகையில் இல்லாத பெயரை மைக்கில் சொல்லி என்ன பயன்? அண்ணன் மைக்கைக் கையில் எடுத்தார்.

"எல்லாருக்கும் ஒண்ணு சொல்லணும். பத்திரிகைக்குப் பேரு எழுதிக் குடுத்தது நான்தான். தாய்மாமன் பேரை வுட்டுட்டேன். முப்பது வருசத்துல இப்படி ஒரு தப்பு பண்ணதில்ல. அன்பரசன் அவர்கள் வந்து மாலை எடுத்துக் குடுத்தா, என்னை மன்னிச்சதா எடுத்துக்குவேன்."

"இன்னா அப்பாவு, தூங்கிகினே எழுதினியா?" என்று முன்வரிசையிலிருந்து ஒருவர் கேட்க, மண்டபமே சிரித்தது. அப்பாவு அண்ணன் முகம் சுருங்கியதை அன்றுதான் பார்த்தேன். அம்மா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா நடந்து வந்து மேடையேறினார். அப்பாவு அண்ணன் பக்கம் குனிந்து, "எங்கக்கா வெட்டிவுட்ட பேருன்னு எனுக்குத் தெரியாதா? நீ எதுக்கு நைனா பொய் சொல்ற?" என்றார்.

"மைக்கு ஆன்ல கீது."

எல்லாருக்கும் கேட்டுவிட்டது. அம்மாதான் முதலில் சிரித்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வந்துட்டல்ல, எடுத்துக் குடுடா. புள்ள எம்மா நேரமா நின்னுகினு கீது."