எல்லா ஆராய்ச்சிக்கும் கதவு தட்டிய கனகா அக்கா

கனகா அக்கா இறந்துவிட்டார். இன்று காலை, தங்கவயலின் பாலகாட்டில், அவர் வீட்டிலேயே. இதயக் கோளாறு... சில மாதங்களாக மாத்திரையில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

யார் இவர் என்று கேட்பவர்களுக்கு: எங்கள் தங்கவயலுக்கு ஆராய்ச்சி என்று யார் வந்தாலும் அவர்களோடு வீடு வீடாக நடந்தவர். ஃபீல்டு அசிஸ்டென்ட். மண், மூச்சு, பேச்சு, கூத்து... எந்தப் பாடமாக இருந்தாலும் முதலில் கதவைத் தட்டுவது அக்காதான்.

என் பிஎச்.டி. தூசியைப் பற்றி. தங்கம் எடுத்த பிறகு கொட்டிய மண் இங்கே குன்று குன்றாக நிற்கிறது, சயனைடு டம்ப் என்போம். அதிலிருந்து வீடுகளுக்குள் எவ்வளவு தூசி வருகிறது என்று பார்க்க வேண்டும்.

எங்களுடையது பஜாரில் கடை வைத்திருக்கும் குடும்பம். இதே ஊரில் பிறந்தும் சுரங்கத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் மைன்ஸ் லைன் வீடு ஒன்றுக்குள்கூட நான் அதுவரை போனதில்லை.

முதல் நாளே அக்கா என் கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தார். "வீட்ல ஜன்னல் எத்தினினு கேக்கறியே, உனக்குக் கண்ணு இல்லையா? நீயே எண்ணிக்கோ. வேல செய்றவங்கள நிக்க வெச்சிக் கேக்காத." ஆறு கேள்விகளை அடித்துவிட்டார். என் கைடு அடித்தது இரண்டுதான்.

மூன்றாவது நாள்தான் பிரச்சினை. செல்வி என்ற பெண் பாதிக் கதவைத் திறந்தவர், எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"போன தடவ ஒரு டியூப் குடுத்து எங்க மாமனார ஊதச் சொன்னீங்க. மூச்சு வாங்க வாங்க ஊதினாரு. ரிசல்ட்டு எங்கக்கா? அவரே பூட்டாரு."

கதவு மூடியது. அந்தத் தெருவில் அதற்குப் பிறகு எந்தக் கதவும் திறக்கவில்லை.

அக்கா பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தார். பிறகு சொன்னார்: "நான் இனிமே வரலம்மா. என் மூஞ்சிக்காகத்தான் தொறந்தாங்க. எழுதினு போன ஒருத்தரும் திரும்பி வந்து சொல்லல. நானும் கேக்கல."

அக்கா இல்லாமல் என் ஆராய்ச்சி இல்லை. அவருக்கும் வேறு வேலை இல்லை. அப்படியும் வரவில்லை என்கிறார்.

இரண்டு நாள் கழித்து அவரே போன் செய்தார். "முன்னாடி எழுதினு போனவங்க எல்லாரையும் கூப்ட்டுக்கீறேன். வந்து ஜனங்க முன்னாடி சொல்லட்டும். அப்புறம் உன் தூசிய பாக்கலாம்."

அவர் போனில் அவர்களுக்குப் பெயர் கிடையாது. மூச்சு டாக்டர், பேச்சு மேடம், கூத்து சார், பூமிக்கடி சார்... ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: "எழுதினது முடிஞ்சிதா சார்? வந்து எங்களுக்குச் சொல்லுங்க."

சிலர் எடுக்கவில்லை. நான்கு பேர் வந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமுதாயக் கூடத்தில்.

பேச்சு மேடம் கன்னடக்காரர். நீங்கள் சொல்லும் 'கீது', 'பூட்டாரு' எதுவும் தப்பில்லை, வட ஆற்காட்டிலிருந்து உங்கள் முன்னோர் கொண்டுவந்த பேச்சு என்றார். "இதுக்குத்தான மேடம் எங்க டீச்சர் அடிச்சாங்க" என்று பின்னாலிருந்து ஒரு அம்மா சொல்ல, கூடமே சிரித்தது.

கூத்து சார் பேசவே இல்லை. இங்கே கேட்டு எழுதிய கூத்துப் பாட்டைப் பாடிவிட்டு உட்கார்ந்தார்.

பூமிக்கடி சார் இயற்பியல் வரலாறு எழுதுபவர். வானத்திலிருந்து ஓயாமல் துகள்கள் விழுகின்றன, பெரும்பாலானவற்றைப் பாறை தடுத்துவிடும், மலையையே துளைத்துப் போகிற ஒருசிலதைப் பிடிக்கத்தான் விஞ்ஞானிகள் நம் சுரங்கத்தின் அடியில் இரும்புத் தகடு அடுக்கிய கருவி வைத்தார்கள் என்றார்.

முனிசாமி தாத்தா எழுந்தார். சுரங்கத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். "அந்த இரும்பு பிளேட்ட சொரங்கத்துக்குள்ள போற கேஜ்ல ஏத்தி எறக்கினவன் நானு. இன்னாத்துக்குனு அப்ப ஒருத்தரும் சொல்லல."

சார் மேடையை விட்டு இறங்கி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அரை மணி நேரம் சார் கேட்கக் கேட்க தாத்தா சொன்னார், தாத்தா கேட்க சார் சொன்னார்.

மூச்சு டாக்டர் கடைசியாக வந்தார். அக்காவே அவரைச் செல்வியிடம் கூட்டிக்கொண்டு போனார். "தப்பு என்னுதும்மா. அப்பவே வந்திருக்கணும்" என்று சொல்லி, டாக்டர் செல்வியின் மாமனாருடைய ரிசல்ட் தாளைக் கொடுத்தார்.

செல்வி அதை வாங்கி டாக்டர் பக்கமே திருப்பிப் பிடித்து, "இதுல இன்னா எழுதிக்கீதுன்னு சொல்லுங்க" என்றார். டாக்டர் ஒவ்வொரு வரியாகச் சொன்னார்.

மறுநாள் காலை அந்தத் தெருவில் எங்களுக்கு முதலில் கதவைத் திறந்தது செல்விதான்.

தூசி ஆராய்ச்சி முடிந்தது. சொன்னபடி திரும்பிப் போய், எந்த வீட்டுக்கு எந்த மாதத்தில் எவ்வளவு என்று வரைபடம் போட்டுக் காட்டினேன். அந்தத் தெருப் பெண்கள் அதை எடுத்துக்கொண்டு மனு கொடுத்தார்கள். மனுவுக்குப் பிறகு, டம்பில் அந்த வீடுகளைப் பார்த்த பக்கம் செடி நட்டிருக்கிறார்கள். பாதி பட்டுப்போனது... மீதி பாதி பிடித்துக்கொண்டது, நேற்றுகூடப் பார்த்தேன்.

இப்போது எங்கள் ஊரிலேயே இன்னொரு சுரங்கப் பகுதியான மைசூர் மைன்ஸ் பக்கமும் யாராவது தாளோடு போனால், உட்காரச் சொல்லும் முன்பே கேட்கிறார்களாம்: "ரிசல்ட்டு சொல்ல எப்ப வருவீங்க?"

போன வாரம் அக்காவும் நானும் போனில் பேசினோம். அவருக்கு மூச்சு இரைத்தது. படுத்துக்கொள்ளுங்கள் அக்கா என்றேன். "எறும்பு பத்தி படிக்கறவங்க வந்துக்கீறாங்க. எறும்புகிட்டயும் நான்தான் பேசணும் போல" என்று சிரித்தார்.

சாயங்காலம் நான்கு மணிக்கு எடுக்கிறார்கள். பாலகாட் வந்து யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டுவார்கள். பேச்சு மேடம் பெங்களூரிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருக்கிறார். முனிசாமி தாத்தா காலையிலிருந்து வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

நிம்மதியாகப் போங்கள் அக்கா.