அடிபட்ட மான்

மன்னாரிலிருந்து லண்டனுக்கு வந்த நாள் முதல் இசபெல்லுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. பேக்கரி, தையல், ஆஸ்பத்திரிச் சலவை என்று வேலைகளை மாற்றிக்கொண்டேயிருந்தாள். 1994 ஐப்பசியில் அவளுடைய அண்ணன் அருள்நேசன் அவளையும் கணவன் கிறிஸ்துராஜாவையும் பிள்ளைகளையும் ஸ்கொட்லாந்துக்கு அழைத்துப் போனார். அங்கே அரசாங்கக் காட்டில் மான் சுட அவரிடம் அனுமதி இருந்தது. காட்டோரம் கூடாரம் அடித்தார்கள்.

மறுநாள் காலை ஒரு வெடி கேட்டது. அருள்நேசன் முகம் கறுத்துத் திரும்பி வந்தார்.

"வயித்திலை பட்டிட்டுது. ஓடிட்டுது."

"அப்ப வாங்கோ, தேடுவம்," என்றாள் இசபெல்.

"கொஞ்சம் பொறு. இப்ப துரத்தினால் இன்னும் தூரம் ஓடும்."

அவர் தேநீர் குடித்து முடிக்கும்வரை இசபெல் கூடாரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். பிறகு பெரியவர்கள் மூவரும் இரத்தத் துளிகளைப் பார்த்துக்கொண்டே போனார்கள். மழை பிடித்ததும் தடம் அழிந்தது. ஆண்கள் களைத்துப்போய் ஒரு மரத்தடியில் ஒதுங்கினார்கள்.

"இனி ஏலாது, இசபெல்," என்றார் கிறிஸ்துராஜா.

"அது எங்கையோ கிடந்து துடிக்குது. நான் எப்பிடி இருக்கிறது?"

ஓடைக்கரையில், நனைந்த பற்றைக்குள் அவள்தான் அதைக் கண்டாள். உயிர் இருந்தது. குரல் கொடுத்தாள். அருள்நேசன் ஓடி வந்து ஒரே வெடியில் அதன் வேதனையை முடித்தார்.

இரவு பிள்ளைகள் இறைச்சிக்கறியை விரும்பிச் சாப்பிட்டார்கள். அவள் தொடவேயில்லை. ஆனாலும் அடுத்த வருடம் அண்ணன் தயங்கித் தயங்கிக் கேட்டபோது உடனே சொன்னாள்:

"ஓம், வாறன். நீங்கள் பிழையாச் சுட்டால் தேட ஒரு ஆள் வேணுமெல்லே!"