மகேசனின் இடது கால்

அரைகுறையாக எதைக் கண்டாலும் மகேசனுக்குப் பொறுக்காது. ஆறிய தேநீர், பாதி சாத்திய கதவு, கும்பிட்டுக்கொண்டே கைபேசியைப் பார்க்கிறவர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கிளச் மிதிக்கத் தெரியாமல் கார் ஓட்டுகிறவர்கள். அவர்களிடம் இருப்பது ஒற்றைக்கால் லைசன்ஸ் என்பார். சொல்லிவிட்டுச் சிரிக்க மாட்டார். சுற்றி நிற்பவர்கள் சிரிக்கும்வரை காத்திருப்பார்.

பருத்தித்துறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் மினிபஸ் ஓட்டியவர். பெற்றோல் வராத காலத்தில் மண்ணெண்ணெயில் எஞ்சினை இழுத்தவர். ஓக்லாந்துக்கு வந்தபின் இருபத்திரண்டு வருடம் கியர் வானில் பார்சல் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த இருபத்திரண்டு வருடத்தில் ஒரே ஒரு கிளச் தட்டுத்தான் மாற்றினாராம். இதைப் பிள்ளைகளின் பட்டமளிப்பு விழாவில்கூடச் சொல்லியிருக்கிறார். ஒருவன் தன் வாழ்க்கையை எந்தக் கோலால் அளந்தாலும் அது அவன் பாடு. அந்தக் கோலைத் தூக்கிக்கொண்டு அடுத்தவரை அளக்கக் கிளம்பும்போதுதான் பக்கத்தில் இருக்க முடியாமல் போகிறது.

வேலையை விட்டபின் புதன்கிழமைகளில் த்ரீ கிங்ஸ் பகுதி மூத்தோர் கழகத்தின் வானை ஓட்டினார். முதியவர்களை வீடு வீடாக ஏற்றிக் கடைக்குக் கூட்டிப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவது வேலை. சம்பளம் இல்லை. பழைய டீசல் வான் படுத்துவிட, கழகம் மின்சார வான் ஒன்றை வாங்கியது. கியரும் இல்லை, கிளச்சும் இல்லை. மகேசன் முதல் நாள் அதன் கதவைத் திறந்து, கீழே இரண்டே மிதிகள் இருப்பதைப் பார்த்துவிட்டு, இது வாகனமா தையல் மெஷினா என்று கேட்டார். ஓட்டிக் காட்ட வேண்டுமா என்று கேட்ட விற்றவனைக் கையால் விலக்கிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

உதவிக்கு முன் இருக்கையில் வருபவர் ரதிதேவி. சூப்பர்மார்க்கெட்டில் காசாளராக இருக்கிறார். கணவர் இறந்தபின், நாற்பத்தேழு வயதில், கிளச் இல்லாத ஓட்டோமற்றிக் காரில் பழகி லைசன்ஸ் எடுத்தவர். முதலில் கிடைக்கிற கட்டுப்பாட்டு லைசன்ஸில் ஓட்டோமற்றிக் மட்டும் என்று நிபந்தனை இருக்கும். முழு லைசன்ஸ் வந்ததும் அது போய்விடும். கிளச்சையே தொடாத ஒருத்தி சட்டப்படி தன் கியர் வானை எடுத்துக்கொண்டு போகலாம் என்பதை மகேசனால் செரிக்க முடியவில்லை. தாள் பொய் சொல்கிறது என்பார். அடுத்த மாதத்திலிருந்து ஒருவாரம் விட்டு ஒருவாரம் ரதிதேவியே வானை ஓட்டுவதென்று கழகம் முடிவு செய்திருந்தது. இந்த ஊரில் அவரை நம்பி ஒரு பொறுப்பை ஒப்படைத்தது அதுவே முதல் தடவை. அவர் அந்தத் திகதியைச் சமையலறைக் கலண்டரில் வட்டமிட்டு வைத்திருந்தார்.

அதற்கு இன்னும் ஒரு மாதம் இருக்கையில், ஒரு புதன்கிழமை, மகேசன் ஓட்ட, பக்குரங்காவில் கடைத்தொகுதியின் வாகனத் தரிப்பிடத்துக்குள் வான் நுழைந்தது. முன்னால் ஒரு வேகத்தடை. முன்னே ஆளில்லை, காரில்லை. மகேசன் கியரைக் குறைக்க நினைத்தார். நினைத்தார் என்பதுகூடப் பிழை. நாற்பது வருடப் பழக்கத்தில் இடது கால் தானாக எழுந்து, கிளச்சை மிதிக்கிற வேகத்தில், அகலமான பிரேக்கின் ஓரத்தில் இறங்கியது. வான் அறைந்ததுபோல் நின்றது. பின்னால் பையை எடுக்கக் குனிந்திருந்த அம்புஜம், திருச்சியிலிருந்து மகளிடம் வந்திருக்கும் எழுபத்திரண்டு வயதுக்காரர், முன் இருக்கையில் கையை ஊன்றினார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

"வான் தானாப் பிரேக் பிடிச்சிட்டுது," என்றார் மகேசன்.

யாரும் கேட்பதற்கு முன்பே சொன்னார். சொல்லும்போது இடது காலை இருக்கைக்கு அடியில் இழுத்துக்கொண்டார். ரதிதேவி அந்தக் காலைப் பார்த்தார். பிறகு இறங்கி அம்புஜத்தின் கையைத் தன் சால்வையால் கட்டத் தொடங்கினார்.

பொய் நன்றாக வளர்ந்தது. ஏனென்றால் எல்லோருக்கும் அது பிடித்திருந்தது. கம்ப்யூட்டர் வைத்த வாகனத்தை நம்பக்கூடாது என்று ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அதிகம். கழகச் செயலாளர் ரஜிதன் வான் விற்ற இடத்துக்கு நீளமான மின்னஞ்சல் எழுதினார். அவர்கள் வானை எடுத்துப்போய்ப் பரிசோதித்து, குறை எதுவும் இல்லை என்றார்கள். அப்படித்தான் சொல்வார்கள் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். வான் இல்லாமல் மூன்று வாரமாக முதியவர்கள் வீட்டுக்குள் அடைந்து கிடந்தார்கள். இதற்கிடையில் கதை இன்னொரு சுற்றுப் பெருத்தது. தானாகப் பிரேக் பிடித்த வானை மகேசன் தன் அனுபவத்தால் நேராக நிறுத்தினாராம். வேறு யாராவது என்றால் கவிழ்ந்திருக்குமாம். தெருமுனை டெயரிக் கடையில் பால் வாங்கப் போன இடத்தில் ஒருவர் மகேசனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வீட்டுக்கு வந்து மகேசன் கையைக் கழுவினார். சவர்க்காரம் போட்டு இரண்டாம் தடவையும் கழுவினார்.

எல்லாவற்றையும்விட அவரை அரித்தது ரதிதேவியின் மௌனம்தான். காட்டிக்கொடுத்திருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். ஒருநாள் மகேசனே அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, வான் எப்போது திரும்பி வருமாம் என்று ஒன்றும் தெரியாதவர்போலக் கேட்டார்.

"அது வரும். உங்கட இடது கால் எப்பிடி அண்ணை, சுகமோ?" என்று கேட்டார் ரதிதேவி.

மகேசன் தொலைபேசியை வைத்துவிட்டார்.

மாத இறுதியில் கழகக் கூட்டம். ரஜிதன் இரண்டு தீர்மானங்களை வாசித்தார். ஒன்று, கியரில் பழகி லைசன்ஸ் எடுத்தவர்கள் மட்டுமே இனிக் கழக வானை ஓட்டலாம். கியரே இல்லாத வானுக்கு இப்படி ஒரு சட்டம். கேட்டுக்கொண்டிருந்த இருபது பேரில் ஒருவருக்குக்கூட அது உறுத்தவில்லை. ரதிதேவி பின்வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். வட்டமிட்ட திகதிக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. இரண்டாவது, பயணிகளைக் காப்பாற்றிய மகேசனுக்குப் பொன்னாடை போர்த்துவது. பொன்னாடை ஏற்கெனவே வாங்கி மேசையில் இருந்தது. செயற்கைப் பட்டு. மடிப்பில் விலைச்சீட்டைக் கிழித்த பசை தெரிந்தது.

அதைத் தன் தோளில் நினைத்துப் பார்த்ததும் மகேசன் எழுந்தார். அவர் எழுந்தது நேர்மையினால் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அரைகுறையைத் தாங்காத மனிதர். இப்போது அந்த அறையில் இருந்ததிலேயே அரைகுறையானது அவருடைய பெயர்.

"வான் பிடிக்கேல்லை. என்ர கால்தான் பிடிச்சது. கிளச் எண்டு நினைச்சு மிதிச்சுப்போட்டன்," என்றார். பின்வரிசையைப் பார்க்காமலே, "அவவுக்குத் தெரியும்," என்றார்.

ரஜிதன் பேனாவை மூடினார். கடிதமெல்லாம் எழுதியாகிவிட்டது, கழகத்தின் மரியாதை என்னாவது என்று மெல்லிய குரலில் விளக்கினார். பிறகு நெருங்கி வந்து, "அண்ணை, இதை நாங்கள் அறிக்கையில எழுதேல்லை. நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை, சரியோ?" என்றார். இரண்டு மூன்று பேர் ஓம் ஓம் என்று தலையசைத்தார்கள். அவர்களுக்கு உண்மை வேண்டியிருக்கவில்லை. பொன்னாடைதான் வேண்டியிருந்தது. மகேசன் அந்த முகங்களைப் பார்த்தார். ஒரு மாதமாகக் கண்ணாடியில் பார்த்த அதே முகம்தான் வரிசையாக உட்கார்ந்திருந்தது.

அன்றைக்கே வான் விற்றவர்களுக்கு நடந்ததைத் தன் கையால் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினார். அதன்பின் அந்த இரண்டு தீர்மானங்களையும் தூக்கிப்பிடிக்க யாராலும் முடியவில்லை. வான் திரும்பி வந்ததும் சாவியைக் கொண்டுபோய் ரதிதேவியின் வீட்டில் கொடுத்தார். அவர் நன்றி சொல்லவில்லை, உள்ளே வரச் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் மகேசனுக்கு அதுவும் பிடித்திருக்காது.

"உதவிக்கு ஆள் வேணும். வாறதெண்டால் பின்னுக்கு இருங்கோ. பெல்ற் போடுங்கோ," என்றார் ரதிதேவி.

வட்டமிட்ட புதன்கிழமை அன்று மகேசன் பின்னால் ஏறினார். கையில் கட்டோடு இருந்த அம்புஜம் பக்கத்து இருக்கையில் தன் பையை வைத்து, "இங்க ஆள் வர்றாங்க," என்றார். யாரும் வரவில்லை. மகேசன் கடைசி வரிசைக்குப் போனார். வான் சத்தமில்லாமல் ஓடிப் பக்குரங்கா கடைத்தொகுதிக்குள் திரும்பியது. வேகத்தடைக்கு முன்னால் ரதிதேவி மிதியிலிருந்து காலை எடுக்க, வான் தானாக வேகம் தளர்ந்து, மெல்ல ஏறி மெல்ல இறங்கியது.

கடைசி வரிசையில் மகேசனின் இடது கால் வெறும் தரையை ஓங்கி மிதித்தது. அவர் குனிந்து அதை வெறுப்போடு பார்த்தார்.