மேலே இருந்த பெயர்

மடுல்சீமையில் மண் சரிந்து தோட்டத் தொழிலாளர் லயத்தை மூடியபோது லூர்தம்மா உள்ளேதான் இருந்தாள் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளுடைய அக்கா சூசையம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. உடலைக் கண்டவர் யார்? செத்தவர்களுக்கான ஆத்துமப் பூசைக்குப் பேர் கொடுக்கச் சொன்ன பங்குச் சாமியாரிடமே, "எந்தங்கச்சிய கண்ணால காட்டுங்க சாமி, அப்பறம் பேசுவோம்" என்று சொல்லிவிட்டு வந்தவள் அவள்.

நமுனுகுலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள். வேலை விட்டு வந்ததும் தங்கச்சியின் போனுக்கு ஒரு தடவை அடிப்பாள். தொடர்புகொள்ள முடியாது என்று ஒரு பெண்குரல் சிங்களத்தில் சொல்லும், தமிழில் சொல்லும், இங்கிலீசிலும் சொல்லும். முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பாள்.

லூர்தம்மாவின் மகள் அஞ்சலின், தகப்பன் முகம் அறியாத பிள்ளை, பதுளையில் ஹொஸ்டலில் தங்கிப் படிப்பதால் தப்பினாள். பெரியம்மாவைத் தவிர அவளுக்கு இனி ஆள் இல்லை. சனிக்கிழமை பார்க்கப் போன சூசையம்மா, பிள்ளை வதங்கிய கீரை மாதிரி கிடப்பதைக் கண்டாள். மூன்று நாள் காய்ச்சலாம்.

"போன் பண்ணியாச்சுன்னாங்க பெரியம்மா. போர்வைய போத்திக்கிட்டு வாசல்லயே ஒக்காந்திருந்தேன். நீங்க வரல."

சூசையம்மா நேரே ஆபீசுக்குப் போனாள். அங்கே கொம்பியூட்டரில் பிள்ளைகளின் விவரம் பதிகிறவள் ஷம்ரா, பதுளை டவுன்காரப் பெண்.

"அன்னைக்கே என் நம்பர குடுத்தேனே புள்ள. என்ன செஞ்ச, வெத்தலையோட மென்னுட்டியா?"

"நான் வெத்தில போடுறல்ல அக்கா. உங்கட நம்பரத்தான் போட்டேன். அது நிக்குதில்ல. இங்க பாருங்க."

திரையில் மேலே ஒரு கட்டம், தாயின் பெயருக்கும் நம்பருக்கும். கீழே ஒரு கட்டம், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று. ஷம்ரா கீழ்க்கட்டத்தில் சூசையம்மாவின் நம்பரை அடித்துச் சேமித்தாள். கண் மூடித் திறப்பதற்குள் அது மறைந்து, மேலே இருந்தது கீழே வந்து உட்கார்ந்துகொண்டது. சூசையம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அந்த நம்பர் தெரியும். தினமும் அடிக்கிற நம்பர்தானே.

"மேல உள்ளது தானா கீழ வாற மாதிரி செஞ்சி வெச்சீக்காங்க, ரெண்டு தரம் அடிக்கிற வேல மிச்சமாம். மேல 'காலமானார்'னு போட்டாத்தான் கீழ்க்கட்டம் விடுபடும்."

"மேல அவ இருக்கட்டும். கீழ மட்டும் என்னைய ஆணி வச்சு அடிச்சு வையி."

"ஆணி எறங்குற எடமா அக்கா இது?"

"இன்னொரு தரம் போடு."

போட்டாள். தங்கச்சியின் நம்பர் மறுபடி இறங்கியது. இன்னும் ஒரு தரம் போடச் சொன்னாள். மறுபடியும் அதேதான். சாகாதவளைச் செத்தாள் என்று எழுதச் சொல்கிறது இந்தப் பெட்டி என்று சூசையம்மாவுக்கு ஆத்திரம் வந்தது.

"நாளைக்கு அவ வந்து நின்னு, என்னைய ஏன்டி சாகடிச்சேன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

ஷம்ரா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "வந்தாங்கன்டா நானே திரும்ப மாத்தித் தாறேன் அக்கா. ஆனா இண்டைக்கு அந்தப் புள்ளைக்கு மறுபடி காச்சல் வந்தா நான் யாருக்கு அடிக்கிற?"

சூசையம்மா நினைத்துப் பார்த்தாள். பிள்ளை போர்வையோடு வாசலைப் பார்த்திருந்த நேரத்தில், இந்த அறையிலும் அதே பெண்குரல்தான் பேசியிருக்கும். சிங்களத்தில், தமிழில், இங்கிலீசில்.

"போடு," என்றாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

ஷம்ரா மேலே அந்தச் சொல்லைச் சேர்த்துவிட்டுக் கீழே மறுபடி அடித்துச் சேமித்தாள். கீழே அவளுடைய நம்பர் அசையாமல் நின்றது.

"அவ பேரு போயிருச்சா?"

"இல்லக்கா. பேர் மேலயே ஈக்கிது. பக்கத்துல அந்தச் சொல்லு மட்டுந்தான் புதுசு."

திரும்பும் வழியில் கோயிலில் இறங்கிப் பூசைக்குப் பேர் கொடுத்தாள். சாமியார் ஒன்றும் கேட்காமல் எழுதிக்கொண்டார்.

தன் லயத்துக்கு வந்ததும் பழக்கத்தில் கை போனை எடுத்தது, அந்த நம்பருக்கே விரல் போயிற்று. இந்த நேரம் பார்த்து ஹொஸ்டலில் இருந்து அடித்தால் லைன் கிடைக்காதே என்று தோன்ற, கையை எடுத்துவிட்டாள். போனை அடுப்புத் திட்டில் கண்ணுக்கு எதிரே சாய்த்து வைத்துவிட்டு, ஈர விறகை ஊதத் தொடங்கினாள்.