முரளி உடம்பில் ஊர்ந்த எறும்புகள்

மாசி மாதத்தில், மலைமேல் இருக்கும் அரியூர் நாட்டில் ஒருவன் "உடம்பெல்லாம் எறும்பு ஊருது" என்றால் யாரும் பதறமாட்டார்கள். சில்வர் ஓக் மரங்களில் ஏணி சாத்தி, அவற்றில் படர்ந்த கொடியிலிருந்து மிளகு பறிக்கிற காலம். மரத்துக்கு மரம் முசுறு எறும்பு. ஊரே சொறிந்துகொண்டுதான் திரியும். ஆகவே கோவாவிலிருந்து வந்திறங்கிய முரளி சட்டையைக் கழற்றிக் கைகளைப் பிறாண்டியபோது அவனுக்கு வேப்பெண்ணெய் கிடைத்தது.

"பன்னெண்டு வருசம் ஏசி ரூமுல இருந்த ஒடம்பு. முசுறுக்கு நீ புது விருந்தாளி, மாப்ள" என்றார் அக்காள் புருஷன் மாதேஸ்வரன்.

முரளி ஒரு மரம்கூட ஏறவில்லை என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

கடற்கரை ஓட்டல் ஒன்றின் பாரில் கிளாஸ் நிரப்பியவன் அவன். ஒரு வாடிக்கையாளர் தாராள மனசோடு நீட்டிய வெள்ளைப் பொடியை மூக்கில் இழுத்தான். தூக்கம் வரவில்லை, துக்கமும் வரவில்லை. நல்ல ஏற்பாடாகத்தான் தெரிந்தது. இரண்டு வருடத்தில் வேலை போயிற்று, சிநேகிதர்கள் போனார்கள். கடைசிப் பொட்டலத்தை டால்கம் பவுடர் டப்பாவில் ஒளித்துக்கொண்டு அக்காள் பாவாயி வீட்டுக்கு வந்தான். அவனுக்கு வேறு வீடு கிடையாது.

பொட்டலம் தீர்ந்தது. எறும்புகள் தோலுக்கு அடியில் போயின. மரத்துக்கு ஒருவன் உட்கார்ந்து கேமராவில் தன்னைப் படம் பிடிப்பதாக முரளி கண்டுபிடித்தான். அதில் பாதி உண்மை. மரத்துக்கு ஒருவன் இருக்கத்தான் இருந்தான். முரளியைப் பார்க்கவும் செய்தான். மலையில் வேறென்ன பொழுதுபோக்கு?

பொட்டலம் தீர்ந்த மூன்றாம் நாள் மத்தியானம் முரளி ஓடிப்போய், மரத்தின் மேல் மிளகு பறிக்கிற சின்னுசாமி இருக்கும்போதே ஏணியை உருவிவிட்டான்.

"கேமராவக் கீழ போடுறா!"

"ஏனுங்க, இது கூடைங்க! யாராச்சும் வாங்க!" என்று கொடியைக் கட்டிக்கொண்டு அலறினார் சின்னுசாமி.

மறுநாள் காலை பாவாயி தம்பியின் கையை விடாமல் பிடித்துச் சோளக்காட்டில் பஸ் ஏற்றி நாமக்கல்லுக்குக் கூட்டிப்போனாள். மனநல மருத்துவர் நாசியா அவன் கைகளைப் பார்த்தார். சட்டையைக் கழற்றித் திரும்பச் சொல்லி முதுகைப் பார்த்தார்.

"எறும்பு கடிச்சா தடிக்கும். உங்க கையில நகக் கோடுதான் இருக்கு. கை எட்டாத நடு முதுகுல ஒண்ணுமே இல்ல. எறும்பு முதுக மட்டும் விட்டுவெக்குமா? கடைசியா எப்ப எடுத்தீங்க?"

முரளி அக்காளைப் பார்த்தான். அவளும் கேமராக்காரர்களின் ஆளாக இருக்கலாம். இல்லையென்றால் இன்னும் மோசம், அக்காளாகவே இருப்பாள். தெரிந்துவிட்டால் அவள் வீட்டுக் கதவும் சாத்தப்படும்.

"சிறுநீர் டெஸ்ட் எழுதறேன். ஆனா நீங்களே சொன்னா நல்லது. சொல்லலைன்னா இது வேற நோய்னு நெனச்சு வருசக்கணக்குல மாத்திரை எழுதிடக் கூடும். இது போலீஸ் ஸ்டேஷன் இல்லீங்க. அக்கா வெளிய இருக்கட்டுமா?"

"நான் எங்கயும் போகலீங்க" என்றாள் பாவாயி.

முரளி சொன்னான்: "நாலு நாளாச்சுங்க. கொக்கைன்."

"அதென்ன கண்ணு, மருந்தா?" என்றாள் அக்காள்.

நாசியாதான் விளக்கினார். பாவாயி அதுவரை மடியில் வைத்திருந்த அவன் சட்டையை மடித்து மேசைமேல் வைத்தாள். அதன்பிறகு அவனோடு பேசவில்லை.

வார்டில் சேர்த்து ஊசி போட்டார்கள். இரண்டு நாள் தூங்கினான். ஐந்தாம் நாள் எறும்புகள் இறங்கிப்போயின. இரண்டாம் வாரம் கேமராக்காரர்களும் போய்விட்டார்கள். அது வேறுவிதக் கஷ்டம்: இனி அவனைப் பார்க்க ஆளே இல்லை. பாவாயி கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தாள், தட்டில் இட்லி வைத்தாள், சுவரைப் பார்த்தாள்.

"போதையால வந்த மனநோய்தான்; அதான் சீக்கிரம் தெளிஞ்சிருக்கு" என்றார் நாசியா. "மாத்திரைய நானே மெதுவாக் கொறைப்பேன், நீங்களா நிறுத்தக்கூடாது. ஆனா அந்தப் பொடி மேல வர்ற ஏக்கத்துக்குத் தனியா மாத்திரை கெடையாது. வாரா வாரம் பேச வரணும். வீட்டாள் ஒருத்தர் கூட வரணும்."

வீட்டாள். முரளி தலையைக் குனிந்துகொண்டான்.

வார்டை விட்டு வந்த அன்று பஸ் ஸ்டாண்டில் பாவாயி முன்னால் ஏறினாள். அவன் படியிலேயே நின்றான். ஏறு என்றும் அவள் சொல்லவில்லை, இறங்கு என்றும் சொல்லவில்லை.

"எங்கீங்கக்கா?" என்றார் கண்டக்டர்.

"சோளக்காடு, ரெண்டு."

முரளி உள்ளே போனான். அவள் பக்கத்து சீட்டில் துணிப்பையை வைத்திருந்தாள், எடுக்கவில்லை. அவன் கடைசி சீட்டுக்குப் போய் உட்கார்ந்தான்.