சத்தமில்லாத ஆயாக் கொட்டகை

பினாங்குத் தீவிலிருந்து படகேறிப் போய், அக்கரை ரப்பர்த் தோட்டங்களில் பிள்ளைகளுக்கு அம்மை குத்திக்கொண்டிருந்த காலத்தில் அந்த ஆயாவைப் பார்த்தேன். தாய்மார்கள் பால்மரம் வெட்டப் போனபின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். ஒடிசலான உடம்பு, வெற்றிலைக் காவி ஏறிய பல். உட்கார்ந்தபடியே எல்லாத் தூளிகளையும் ஆட்டுவதற்குக் கால் கட்டைவிரலில் ஒரு கயிறு.

கொட்டகையை லயத்து வரிசை வீடுகளில் இருந்த கூலி ஜனங்களே கட்டியிருந்தார்கள். பக்கத்துக் கம்பத்துக் கிராமத்து மலாய்க்காரர் கூரை வேய அத்தாப்பு ஓலை கொடுத்தாராம். தூளிக்கு ஆளுக்கொரு சேலையைத் தாய்மார்கள் தந்தார்களாம்.

"ஊரே சேந்து வளக்குற பிள்ளைங்க ஐயா," என்றாள்.

முதல் பிள்ளையின் கையில் கீறினேன். அழவில்லை. அடுத்ததும் அழவில்லை, கண் பாதி திறந்து கிடந்தது. அப்போதுதான் ஆயாவின் பக்கத்திலிருந்த சிரட்டையைக் கவனித்தேன்.

"என்ன அது?"

"அபின் தண்ணி. அப்பன்மாரு முறை வெச்சு வாங்கியாருவாங்க."

"ஆத்தாமாருக்குத் தெரியுமா?"

"அவங்கதான் குடுக்கச் சொல்றாங்க. பிள்ளை அழுதா மரத்தை விட்டுட்டு ஓடியாருவாங்க. ஓடியாந்தா கங்காணி அரை நாள் கூலியை வெட்டிருவான்."

"பிள்ளை செத்துப்போனா?"

"போன பிள்ளைங்களும் அழாமத்தான் போச்சுங்க."

கடைசித் தூளியில் கீறியதும் அந்தப் பிள்ளை வீறிட்டு அழுதது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆயா கயிற்றை உருவிப் போட்டுவிட்டுப் பதறி எழுந்தாள்.

"அடி என் தங்கமே, உன்னை மட்டும் மறந்துட்டேனா," என்று கொஞ்சிக்கொண்டே சுண்டுவிரலைச் சிரட்டையில் முக்கினாள். அவ்வளவு பாசமான குரலை அதற்கப்புறம் நான் எங்கும் கேட்டதில்லை.