ரேணுகாதேவியின் ஊசியும் ஒரு முகூர்த்தப் புடவையும்

“கைக்கு ரெஸ்ட் குடுங்கன்னா ஒருத்தராவது கேக்குறீங்களா?”

தினமும் கதவைத் திறந்ததும் ரேணுகாதேவியின் வாயில் வரும் முதல் பேச்சு இதுதான். சேவூர் போகிற வழியில், உரக்கடைக்கு மேல்மாடியில் பிசியோதெரபி நடத்துகிறாள். கண்ணமங்கலத்துப் பக்கம் நெல் போடுகிற வீட்டுப் பெண். சென்னையில் கிடைத்த வேலையை விட்டுவிட்டு ஆரணிக்கு வந்தவள். ஏன் என்று கேட்டால், “இங்கதான்க்கா தெருவுக்குத் தெரு முழங்கை வலிக்குது” என்பாள்.

தலைமுடியைவிடக் கொஞ்சம் தடித்த ஊசி. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே நொந்துபோன தசைநாருக்குள் இறக்கி, லேசாகக் கரண்ட் விடுவாள். நரம்பு வலி என்றால் நரம்புக்குப் பக்கத்தில். கரண்ட் என்றதும் ஊரே அலறியது. படுக்கவைத்து ஷாக் கொடுக்கிறாளாம் என்று பேச்சு. எல்லா வலிக்கும் அவள் ஊசி எடுப்பதில்லை. ஒத்துவராது என்றால் வேலூருக்குப் போய்ப் பெரிய டாக்டரைப் பாருங்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள்.

என் வீட்டுக்காரர் தசரதனுக்கு வலது முழங்கை வலியில் டம்ளர்கூடத் தூக்க முடியவில்லை. தறியில் முகூர்த்தப் புடவை பாதியில் நின்றது. பட்டில் ஆள் மாறினால், நூலை நெருக்கிப் பலகையால் அடிக்கிற அடி மாறும். அடி மாறிய இடத்தில் குறுக்கே கோடு விழும். கோடு விழுந்ததைக் கல்யாணப் பெண்ணுக்கு யார் வாங்குவார்கள்? இவர் தம்பி வேலு தறியில் உட்காருகிறேன் என்று சொல்லியும் இவர் விடவில்லை. அந்தக் கரண்ட்டுக்காரியிடம் வரமாட்டேன் என்றவரை நான்தான் மாடிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

“ஏம்மா, ஃபியூஸ் கீஸ் பூடாதே?”

“அது எப்பவோ பூட்ச்சிண்ணா. கைய நீட்டுங்க.”

ஊசி இறங்கியபோது பல்லைக் கடித்தார். ரெண்டு மூன்று நாளில் வலி குறைந்தது. உடனே தறிக்காரப் புத்தி வேலை செய்தது. நான் மார்க்கெட் போன நேரம் பார்த்து உட்கார்ந்துவிட்டார். மறுபடி முழங்கை வீங்கியது.

“தறி பக்கமே போவலம்மா” என்று அவளிடம் கூசாமல் சொன்னார்.

“பொய்யி. டக்கு டக்குன்னு தெருவே கேட்டுகினு இருந்துச்சி” என்றேன்.

வேறு யாராவது என்றால் போய்யா என்றிருப்பார்கள். இவள் ஸ்கேன் மிஷினை அணைத்தாள். “வண்டிய எடுங்கக்கா. அந்தத் தறிய நான் பாக்கணும்.”

தறிக்குழி ஓரம் குந்தி, இழுத்துக் காட்டச் சொன்னாள். குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் நாடாவை ஓட்டுகிற கயிறு எட்டாத உயரத்தில் தொங்கியது. ஒவ்வொரு தடவையும் கையை முழுக்க நீட்டி, மணிக்கட்டால் சுண்டி இழுத்தார்.

“கயிற இறக்கிக் கட்டுங்கண்ணா.”

“அய்யய்யோ, அடி மாறிடும். கோடு வுழும்.”

“பலகைய அடிக்கிறது எந்தக் கை?”

“இடது.”

“கயிறு இழுக்கிறது?”

“வலது.”

“அப்பறம் அடி எப்பிடி மாறும்?”

மனிதர் தலையைச் சொறிந்தார். நான் சிரிப்பை அடக்கவில்லை.

கயிறு இறங்கியது. அவள் சொல்கிறவரை பாவு நூலைத் தளர்த்தி, தறியைத் துணி போட்டு மூடினோம். ஊசி நடந்தது, வீட்டில் நான் எதிரே நின்று உடற்பயிற்சி செய்ய வைத்தேன். பிறகு நாளைக்கு ஒரு சாண் மட்டும் நெய்யலாம் என்றாள். புடவை நின்ற இடத்திலிருந்து அவரே நெய்து முடித்தார்.

கல்யாணப் பெண்ணின் அம்மா வந்து, ஜன்னல் வெளிச்சத்தில் புடவையை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். கோடு இல்லை.

“ஆள் ஒண்ணும் மாத்தலியே?”

“அதே ஆளு, அதே கை” என்றார் இவர், வலது கையாலேயே காபி டம்ளரை நீட்டி. “எங்க ரேணுகா கொஞ்சம் கரண்ட் வுட்டு எடுத்துச்சி, அவ்ளோதான்.”

மாதக்கணக்கில் அவளைக் கரண்ட்டுக்காரி என்று திட்டிய வாய் அது!

உங்களுக்கும் முழங்கையோ தோளோ குதிகாலோ இழுத்தால் அந்த மாடிக்கு ஒரு தடவை ஏறிப் போய்ப் பாருங்கள். ஊசி வேண்டுமா வேண்டாமா என்று அவளே சொல்வாள். ரெஸ்ட் எடுத்தேன் என்று மட்டும் புளுகாதீர்கள். தறியைப் பார்க்க வீட்டுக்கே வந்துவிடுவாள்.